பாப்பாவை ஆபீஸுக்குத் தூக்கிக்கொண்டு போவதா, பாலை எடுத்து வைத்துவிட்டுப் போவதா?

அவிநாசி_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். முதல் குழந்தை, பெண். 26 வார விடுப்பில் சில வாரங்களைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டதால், வேலைக்குத் திரும்பும் நாளில் பாப்பாவுக்கு ஆறு மாதம் நிறைந்திருக்காது. இதுவரை தாய்ப்பால் மட்டும்தான், ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. பாட்டிலை வாயில் வைத்தால் நாக்கால் தள்ளிவிடுகிறாள்.

கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், ஆபீஸ் எல்லாம் சேர்த்தால் எங்கள் கம்பெனியில் நூற்றுக்கணக்கான ஆட்கள், பாதிக்கு மேல் பெண்கள். கிரெச் (குழந்தைகள் காப்பகம்) என்று போர்டு மாட்டிய அறை ஒன்று இருக்கிறது. சுவரில் மயிலும் யானையும் வரைந்திருப்பார்கள், இரண்டு தொட்டில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத பொம்மைகள். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிற அன்றைக்கு அதைத் திறந்து, செக்கிங்கில் இருக்கும் ஒரு அக்காவை ஆயா என்று உட்கார வைப்பார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டுதான், ஷிப்மெண்ட் நெருக்கினால் உள்ளே கார்ட்டன் பெட்டி அடுக்கிவிடுவார்கள்.

எங்கள் மேனேஜர் நல்ல மனிதர். போனில் பேசும்போது "பாப்பாவை ஆபீஸுக்கே தூக்கிட்டு வாம்மா, நாங்க எல்லாரும் பாத்துக்கறோம்" என்றார். கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு ஆறுதலாக இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் பயமாகவும் இருக்கிறது. பழைய வவுச்சர் கட்டு அடுக்கியிருக்கும் அறையில் ஒரு ஓரமாகப் பாயை விரித்து அவளைப் போட்டுவிட்டு, நான் ஜிஎஸ்டி கணக்குப் பார்க்க முடியுமா?

மாமியார் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார், அது பெரிய பலம். ஆனால் "இப்பவே டப்பா பால் பழக்கு, இல்லைன்னா பசும்பால்ல தண்ணி கலந்து குடுத்துக்கலாம், உம் புருஷன் அப்படித்தான் வளர்ந்தான்" என்கிறார். வெயிலில் பஸ் ஏறி வந்தவுடன் கொடுத்தால் சூட்டுப் பால், பிள்ளைக்கு ஆகாது, கொஞ்சம் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டுத்தான் கொடுக்கணும் என்றும் சொல்கிறார். காலையில் கிளம்பினால் வீடு திரும்ப இருட்டிவிடும். அதுவரை பால் கட்டாமல் எப்படி இருப்பது, சுரப்பு நின்றே போய்விடுமா என்று ராத்திரியெல்லாம் இதே யோசனைதான்.

வேலைக்குப் போய்க்கொண்டே பால் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்தப் பூட்டிய கிரெச்சைத் திறக்கச் சொல்லிக் கேட்டால் என்னைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்வார்களோ என்ற பயமும் இருக்கிறது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.


கொங்கு_கோதை:

அவிநாசி அம்மா, முதலில் சுரப்பு நின்றுபோகும் என்ற பயத்தை விடுங்கள். நான் கோவையில் ஒரு வங்கிக் கிளையில் கவுண்டரில் இருந்துகொண்டே என் மகனுக்கு இரண்டாவது வயது வரைக்கும் கொடுத்தேன். எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும். எடுக்காமல் கட்ட விட்டால்தான் உடம்பு "இவ்வளவு போதும்" என்று குறைத்துக்கொள்ளும். ஆகவே ஆபீஸில் இருக்கும் நேரத்தில் இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்தே ஆக வேண்டும், ஷிப்மெண்ட் ஆனாலும் சரி, மார்ச் கணக்கு முடிப்பு ஆனாலும் சரி.

வேலையில் சேர்வதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பழக ஆரம்பித்துவிடுங்கள். காலையில் பாப்பா ஒரு பக்கம் குடிக்கும்போதே மறுபக்கம் எடுத்துப் பாருங்கள், அந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும். முதல் நாள் அடி மட்டத்தில் கொஞ்சம்தான் வரும், அதைப் பார்த்து எனக்குப் பாலே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பம்பில் வருவதை வைத்துக் குழந்தை எவ்வளவு குடிக்கிறது என்று அளக்க முடியாது, குழந்தையின் வாய் இழுக்கிற அளவுக்கு எந்த மெஷினும் இழுக்காது.

விலை அதிகமான பம்ப்தான் வேண்டும் என்றில்லை. நான் முதலில் கையாலேயேதான் எடுத்தேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கருவட்டத்தின் ஓரத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும், முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்தி, அப்புறம் விரல்களைச் சேர்த்து அமுக்கி விட வேண்டும். காம்பைப் பிடித்து இழுக்கவே கூடாது, வலிக்கும், பாலும் வராது. அதற்கு முன்னால் வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றிக்கொண்டால் சுலபமாக இறங்கும். போனில் பாப்பா வீடியோ ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அவள் அழுகிற சத்தத்தைக் கேட்டாலே சுரந்துவிடும். ஆக்ஸிடாசின் என்கிற ஹார்மோன் செய்கிற வேலை அது. பக்கத்தில் யாராவது கதவைத் தட்டிக்கொண்டே இருந்தால் அந்தப் பால் இறங்காது, அதனால்தான் உள்ளே தாழ்ப்பாள் போட முடிகிற அறை முக்கியம். கழிவறையில் நின்றுகொண்டு மட்டும் எடுக்காதீர்கள், நம் சாப்பாட்டை நாம் அங்கே வைத்துச் சாப்பிட மாட்டோம்.

எடுத்த பாலை வைப்பதுதான் அடுத்த பிரச்சினை. 25 டிகிரிக்குள் இருந்தால் நான்கு மணி நேரம் வெளியில் தாங்கும் என்பார்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே 25 டிகிரி எங்கே இருக்கிறது? உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், ஃபிரிட்ஜில் நான்கு நாள் வரை இருக்கும். கதவில் உள்ள தட்டில் வைக்க வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் சூடாகும், உள்ளே தள்ளி வையுங்கள். ஆபீஸில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் ஐஸ் பேக் போட்ட சின்னக் கூலர் பை போதும், ஐஸ் உருகாமல் இருக்கும் வரை ஒரு நாள் தாக்குப் பிடிக்கும். நான் மூடி நன்றாக இறுகுகிற சின்ன எவர்சில்வர் டப்பாவில்தான் வைத்தேன், கழுவிக் கொதிக்க வைப்பதும் எளிது. டப்பாமேல் தேதி, நேரம் எழுதி ஒட்டிவிடுங்கள். பழையதை முதலில் கொடுக்கச் சொல்லுங்கள்.

சூடாக்கும்போது அடுப்பில் நேராக வைக்கவே கூடாது, மைக்ரோவேவும் கூடாது. கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி அதற்குள் டப்பாவை வைத்தால் போதும். மேலே ஆடை மாதிரி தனியாகப் பிரிந்து நிற்கும், அதைப் பார்த்துப் பால் கெட்டுவிட்டது என்று மாமியார் கொட்டிவிடப் போகிறார், முன்னாலேயே சொல்லி வையுங்கள். மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். பாப்பா குடித்து மீதம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் சரி, அப்புறம் எடுத்து வைக்க வேண்டாம்.


வார்டு_நர்ஸ்:

நான் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன். கோதை சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன்.

பாட்டிலைத் தள்ளுகிறாள் என்றால் அவளைக் கட்டாயப்படுத்தாதீர்கள், பாட்டிலே தேவையில்லை. பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சின்னப் புகட்டும் கிண்ணத்தில் கொடுங்கள். எங்கள் வார்டில் எடை குறைந்த பிள்ளைகளுக்கே பாலாடையில்தான் கொடுக்கிறோம். பாப்பாவைச் சற்று நிமிர்த்தி மடியில் உட்கார வைத்து, பாலாடையின் மூக்கு நுனியை அவள் கீழ் உதட்டின் ஓரத்தில் வைத்து, அவள் நக்கிக் குடிக்கிற வேகத்துக்குச் சாய்த்தால் போதும், தொண்டையில் ஊற்றக் கூடாது. உங்கள் மாமியாருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இருக்காது, சங்கில் மருந்து புகட்டிய கை அது. ஆனால் நீங்கள் பக்கத்தில் இருந்தால் பாப்பா உங்கள் மேல்தான் தாவுவாள், அந்த நேரத்தில் வேறு அறைக்குப் போய்விடுங்கள்.

எவ்வளவு எடுத்து வைக்கணும் என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் பிரிந்திருக்கிற ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 30 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். பகலில் கொஞ்சமாகக் குடித்துவிட்டு இரவில் உங்களிடம் ஈடுகட்டுகிற பிள்ளைகளும் உண்டு, அதைப் பார்த்துப் பால் போதவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறாளா, எடை ஏறுகிறதா, இந்த இரண்டையும் பாருங்கள். இரவில் கொடுக்கிற பாலை நிறுத்திவிடாதீர்கள், பாலைச் சுரக்க வைக்கிற புரோலாக்டின் என்கிற ஹார்மோன் இரவில்தான் அதிகம்.

பசும்பால் ஒரு வயது வரை முக்கியப் பாலாகக் கொடுக்கவே வேண்டாம். இரும்புச்சத்து குறையும், சின்னப் பிள்ளையின் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் அது பாரம். தண்ணீர் கலந்தால் சத்தும் போய்விடும், அந்தத் தண்ணீரால் பேதியும் வரும். சூட்டுப் பால் என்று ஒன்று கிடையாது, நீங்கள் வெயிலில் வந்தாலும் மழையில் நனைந்து வந்தாலும் பால் உடம்புச் சூட்டில்தான் இருக்கும். வந்ததும் கை கழுவி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு அப்படியே மடியில் போட்டுக்கொள்ளுங்கள். பீய்ச்சிக் கீழே விடுகிற பால் அவளுக்குச் சேர வேண்டியது. மாமியாரிடம் இதை வாதமாகப் பேச வேண்டாம், அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே இருக்கிற நர்ஸையே சொல்லச் சொல்லுங்கள். மருமகள் சொன்னால் எடுபடாதது அங்கே எடுபடும்.

பால் கட்டி மார்பு கல்லாக இறுகினால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள், அந்தப் பக்கத்திலேயே முதலில் குடிக்க விடுங்கள். சிவந்து, தொட்டால் நெருப்பாகச் சுட்டு, குளிர் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள், அதற்கு மாத்திரை உண்டு, பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம். அப்புறம் வீட்டில் யாராவது மல்லிகைப் பூவை வைத்துக் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். அது பாலை வற்ற வைப்பதற்காகச் செய்வது.

இப்போது ஆபீஸுக்குத் தூக்கிக்கொண்டு போவதைப் பற்றி. என் கருத்து: ஒரு நாள் இரண்டு நாள் அவசரத்துக்குப் போகலாம், தினசரி ஏற்பாடாக வேண்டாம். ஆறு மாதத்தில் புரண்டு படுப்பவள் எட்டாவது மாதம் தவழ்வாள், வயரையும் ஸ்டேப்ளர் பின்னையும் வாயில் வைப்பாள். பனியன் கம்பெனியில் பஞ்சுத் தூசி வேறு. பார்த்துக்கொள்ள என்று தனியாக ஒரு ஆள் இல்லாத இடத்தில் "எல்லாரும் பாத்துக்கறோம்" என்றால் பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் பார்க்க மாட்டார்கள், அவர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்கும் வேலை இருக்கிறது.

2023-ல் திருவனந்தபுரம் மேயர் ஆர்யா ராஜேந்திரன் கைக்குழந்தையோடு அலுவலகத்தில் கோப்பு பார்த்த படம் எல்லோர் போனிலும் சுற்றியது. ஆஸ்திரேலிய செனட்டர் லாரிசா வாட்டர்ஸ் 2017-ல் நாடாளுமன்றத்துக்குள்ளேயே மகளுக்குப் பால் கொடுத்தார். எனக்கு அந்தப் படங்கள் பிடிக்கும், பால் கொடுப்பது ஒளித்து வைக்க வேண்டிய காரியம் இல்லை என்று சொல்கின்றன. ஆனால் மேயருக்குத் தனி அறை, உதவிக்கு ஆள். அந்தப் படத்தைக் காட்டி, தையல் லைனில் உட்காருகிற பெண்ணிடம் "பார், அவங்களால முடியுது" என்று சொல்லிவிடக் கூடாது.


சட்டம்_பேசு:

பதினைந்து வருடத்துக்கு மேல் கம்பெனிகளில் எச்ஆர் வேலை பார்த்தவன் நான். நர்ஸம்மா சொன்னதில் எனக்கும் உடன்பாடுதான். மேனேஜர் நல்லவராக இருப்பது நல்ல விஷயம், ஆனால் அவர் நாளைக்கு வேறு யூனிட்டுக்கு மாறிப் போனால் உங்களுக்கு என்ன மிஞ்சும்? எழுத்தில் இருப்பதைக் கேளுங்கள், அது யார் வந்தாலும் போனாலும் நிற்கும்.

1961 மகப்பேறு நலச் சட்டத்தை 2017-ல் திருத்தினார்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று மாறியது அப்போதுதான், எல்லோருக்கும் அது தெரியும். அதே திருத்தத்தில் வந்த இன்னொன்று பலருக்குத் தெரியாது: 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் கிரெச் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை அங்கே போய்க் குழந்தையைப் பார்த்து வர அனுமதிக்க வேண்டும், வழக்கமான ஓய்வு இடைவேளையும் அந்த நான்கில் அடக்கம். கவனியுங்கள், 50 பேர் என்பது ஆண், பெண் எல்லோரையும் சேர்த்து. வேலைக்குச் சேரும் நாளிலேயே இதையெல்லாம் எழுத்திலும் மின்னஞ்சலிலும் பெண்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. உங்கள் நியமனக் கடிதத்தோடு அப்படி ஏதாவது தாள் வந்ததா, எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று ஆரம்பத்திலிருந்தே உள்ளது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, ஓய்வு இடைவேளை போக, பால் கொடுப்பதற்கென்று நாளுக்கு இரண்டு இடைவேளை. கம்பெனியில் கிரெச் இருக்கிறதா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் பால் எடுத்து வைக்கப் போவதும் இந்த நேரத்தில்தான். யாரிடமும் கெஞ்சிக் கேட்கும் சலுகை என்று நினைக்காதீர்கள்.

இப்போது 2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்து பிரிவு எண்கள் மாறின, ஆனால் 50 பேர், நான்கு முறை, இரண்டு இடைவேளை, 15 மாதம் எல்லாம் அதிலும் அப்படியே இருக்கின்றன. "அது பழைய சட்டம்மா, போயிடுச்சு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தொழிற்சாலைகளுக்கு இது புதிதும் அல்ல, 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 48-வது பிரிவே 30 பெண்களுக்கு மேல் இருந்தால் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்று சொன்னது, பயிற்சி பெற்ற பெண்தான் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. செக்கிங் அக்காவை ஒரு நாள் உட்கார வைப்பது அதில் சேராது.

விடுப்பு முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் ஒத்துக்கொள்கிற காலத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றும் சட்டத்தில் உண்டு. கணக்கு வேலையில் அதற்கு நிறைய இடம் இருக்கிறது, வாரத்தில் இரண்டு நாள் கேட்டுப் பாருங்கள்.

பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். தனி ஆளாகப் புகார் கொடுத்தால் குறித்து வைக்கத்தான் செய்வார்கள், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நான்கைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள். லைனில் கைக்குழந்தைக்காரர்கள் நிச்சயம் இருப்பார்கள், கிரெச் அவர்களுக்குத்தான் உங்களைவிட அவசரமாகத் தேவை. புகார் என்று தலைப்புப் போடாமல் வேண்டுகோள் என்று மின்னஞ்சலில் அனுப்புங்கள், இன்ன தேதியில் சேர்கிறேன், அன்றிலிருந்து கிரெச் அறை தினமும் திறந்திருக்க ஏற்பாடு வேண்டும், பால் கொடுக்கும் இடைவேளை இன்ன நேரம் எடுத்துக்கொள்கிறேன் என்று. ஏற்றுமதிக் கம்பெனிக்கு ஆடிட் ரிப்போர்ட் உயிர் மாதிரி. அந்தக் கடிதத்தில் கிரெச் என்று எழுதினாலே எச்ஆர் எழுந்து உட்காருவார், நான் அந்த நாற்காலியில் இருந்தவன், அதனால் சொல்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும், அரசு ஊழியர்களுக்குத் தமிழ்நாட்டில் 2021 ஜூலை முதல் 12 மாதம் விடுப்பு. தனியாரில் 26 வாரம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், இரண்டு வயது வரை தொடர்ந்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது எல்லாக் குழந்தைக்கும் பொதுதானே. பனியன் கம்பெனிப் பிள்ளைக்குப் பசி குறைவா?


மலையகத்தாள்:

நான் இலங்கையில் நுவரெலியாப் பக்கம். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், என்னையும் தம்பியையும் பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விட்டுவிட்டுத்தான் மலைக்குப் போனார். உங்கள் பூட்டிய அறையைப் பற்றி வாசித்ததும் எழுத வேண்டும் போல் இருந்தது.

எங்கள் பக்கம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கிட்டவே மடுவம் இருக்கும், ஆயாம்மா இருப்பார், கூரையிலிருந்து சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். விடிந்ததும் பிள்ளைகளை விட்டுவிட்டு, அன்றைய வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்குப் போவார்கள். பால் குடிக்கிற பிள்ளைக்காரிகள் இடையில் கூடையை மலையிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்து கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். தூரத்து மலையில் வேலை போட்டால் ஏறி இறங்கவே நேரம் போய்விடும், கொழுந்து நிறை குறைந்தால் அன்றைய பெயர் அரைப் பெயராகிவிடும், அதாவது அரை நாள் சம்பளம்தான் கிடைக்கும் என்ற பயத்தில் வராமலே விட்டவர்களும் உண்டு. மடுவம் இருந்தது, ஆனால் மடுவத்துக்கு வந்துபோகும் நேரத்தைச் சம்பளம் விழுங்கியது. அதனால் சொல்கிறேன், அறையைத் திறக்கச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். லைனில் இருக்கும் பெண் எழுந்து வந்தால் தைத்த பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி போடுகிற அவளுடைய பீஸ் கணக்குக் குறையக் கூடாது என்பதையும் கேளுங்கள். கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கும்.

இலங்கைச் சட்டத்தில் ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால் ஒன்பது மணி நேரத்துக்குள் இரண்டு இடைவேளை. வேலைத்தலத்தில் பிள்ளை பராமரிப்பு இடம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், இரண்டும் வேலை நேரமாகவே கணக்கிடப்படும். இடம் இல்லையென்றால் வீட்டுக்குப் போய் வரவும் நேரம் வேண்டும் என்று யோசித்துத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். இப்போது மடுவங்கள் பல இடங்களில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர் மாறி, பயிற்சி எடுத்தவர்கள் பொறுப்பில் இருக்கிறார்கள். என் அக்கா மகள் அப்படி ஒன்றில்தான் வேலை செய்கிறாள்.


ரெண்டு_பிள்ளைக்கு_அப்பா:

ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை, எழுதுகிறேன்.

என் மனைவி பல்லடத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் பள்ளிக்குப் போய்விடுவார். தெரிந்த ஆட்டோக்காரர், தினமும் ஒரே நேரம். அவள் பால் கொடுத்து முடிக்கும் வரை காத்திருந்து திரும்பக் கூட்டி வந்துவிடுவார். மாத வாடகை பேசிவிட்டதால் பம்ப், பவுடர் செலவைவிடக் குறைவாகத்தான் ஆனது. காலையில் ஒரு தடவை எடுத்து வைத்தது முன்பகலுக்கு, மத்தியானம் நேரடியாக, சாயங்காலம் அவள் வந்துவிடுவாள். அவிநாசியில் இருந்து கம்பெனி தூரம் என்றால் இது தோதுப்படாது, ஆனால் மாமியார் ஒத்துழைப்பவராக இருக்கிறாரே, யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் பம்ப் கழுவுவது, டப்பாக்களைக் கொதிக்க வைப்பது, தேதி எழுதுவது, ராத்திரி துணி மாற்றுவது இதெல்லாம் உங்கள் வீட்டுக்காரர் வேலை என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள். பால் கொடுப்பது ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே நம்மால் முடியும். தூங்காத உடம்பில் பால் ஊறாது, நீங்கள் பூண்டும் பால்சுறாவும் எவ்வளவு சாப்பிட்டாலும் சரி.


அவிநாசி_அம்மா:

எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். கோதை அக்கா சொன்னபடி காலையில் எடுத்துப் பார்த்தேன், எவர்சில்வர் டம்ளரின் அடியில் கொஞ்சம் வந்தது. மாமியார் பாலாடையைத் தேடி எடுத்துக் கொதிக்க வைத்து அவரே புகட்டினார், பாப்பா முகத்தைச் சுளித்துவிட்டு அப்புறம் நக்கிக் குடித்துவிட்டாள். நர்ஸ் அக்கா, சூட்டுப் பால் விஷயத்தை நான் எடுக்கவே இல்லை, தடுப்பூசி அன்றைக்கு அவரையும் கூட்டிப் போகிறேன்.

நியமனக் கடிதத்தைப் புரட்டிப் பார்த்தேன் அண்ணா, அப்படி எந்தத் தாளும் இல்லை. செக்கிங்கில் இருக்கும் இரண்டு பேரிடம் போனில் பேசினேன். ஒருவர் தன் பிள்ளையை ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து ஹாஸ்டலில் இருக்கிறார், எட்டு மாதப் பிள்ளை. கிரெச் திறந்தால் கூட்டி வந்துவிடுவேன், தனியாக வீடு பிடித்துக்கொள்வேன் என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகு எனக்குப் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேட்டே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. மலையகத்து அக்கா சொன்ன பீஸ் கணக்கையும் கடிதத்தில் சேர்க்கிறேன். அந்தக் கூலி வவுச்சரில் கையெழுத்து வாங்குவது எங்கள் பிரிவுதான், இடையில் எழுந்து போனால் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பாப்பாவை ஆபீஸுக்குத் தூக்கிப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன், கிரெச் திறக்கும் வரை வீட்டில் மாமியார்தான். மேனேஜரிடம் நன்றி சொல்லிவிட்டு, பால் எடுக்கத் தாழ்ப்பாள் உள்ள அறை ஒன்று வேண்டும் என்று கேட்கப் போகிறேன். ஒரே ஒரு சந்தேகம்: கடிதத்தை மேனேஜருக்கு அனுப்புவதா, நேராக எச்ஆருக்கா?


சட்டம்_பேசு:

எச்ஆருக்கு, மேனேஜருக்கு நகல். நிறுவனத்தின் மின்னஞ்சலில் அனுப்புங்கள், உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கும் ஒரு நகல் போகட்டும், நாளைக்கு அது உங்கள் கையில் இருக்க வேண்டும். வாய்மொழியாகச் "சரிம்மா, பண்ணிடலாம்" என்றால் விட்டுவிடாதீர்கள், அன்று மாலையே "இன்று நீங்கள் சொன்னபடி" என்று ஆரம்பித்து இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். சேர்ந்து கேட்கிற எல்லோர் பெயரும் கடிதத்தில் இருக்கட்டும், ஹாஸ்டலில் இருக்கிற அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் முதலில் போட வேண்டாம், அவருக்குத்தான் இழக்க அதிகம். சேருகிற தேதிக்கு இரண்டு வாரம் முன்பே அனுப்புங்கள், ஆள் நியமிக்க நேரமில்லை என்று அவர்கள் சொல்ல முடியாது. பதில் வராவிட்டால் இங்கேயே எழுதுங்கள், தொழிலாளர் துறைக்கு எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.